வெளியே நிறுத்தப்பட்ட காவலாளி: எச். லெய்விக்கின் வாழ்வும் எழுத்தும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் நம் மண்ணின் போராளி ஒருவரைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு ஏன் ஒரு யூதக் கவிஞர் என்று தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எச். லெய்விக் என்னும் அந்தக் கவிஞர் 1921இல் எழுதிய ஒரு நாடகம் நம் இயக்கத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பதாக நான் உணர்கிறேன். பல ஆண்டுகளாக அந்தக் கேள்வியைத் தள்ளிப்போட்டு வந்தேன். இளைய தோழர்களும் மாணவர்களும் நிறைந்த இந்த அவையில் அதைப் பேசிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. 1913 ஜூலையில், 22 வயது இளைஞராக அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிப்பதற்காக நியூயார்க் வந்து இறங்கினார். அதே ஆண்டு கோடையில், சைபீரியாவிலிருந்து தப்பிய 24 வயது லெய்விக்கும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஒருவர் நூலகத்துக்குப் போனார், மற்றவர் தையல் கூடத்துக்குப் போனார். இருவரும் தம் மக்களின் இழிவைச் சுமந்துகொண்டு கடல் கடந்தவர்கள். பின்னாளில் அண்ணல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் அச்சான ஒரு நூலுக்கு 'தீண்டப்படாதோர் அல்லது இந்தியாவின் கெட்டோவின் பிள்ளைகள்' என்று பெயர். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நம் சேரியைச் சுட்டுவதற்கு, யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்கு ஐரோப்பா வைத்த பெயரைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கெட்டோவின் பிள்ளைகளில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தொப்பியும் கத்தியும்

லெய்விக் ஹால்பெர்ன் 1888இல் இன்றைய பெலாரசில் உள்ள இகுமென் என்ற சிற்றூரில் பிறந்தார். ஊருக்கு இன்றைய பெயர் செர்வியென். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தையின் பிழைப்பு, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு யித்திஷ் மொழியில் எழுதக் கற்றுக்கொடுப்பது. அதில் வந்த சொற்ப வருமானத்தில் குடும்பம் நடந்தது. அன்றைய ரஷ்யப் பேரரசில் யூதர்கள் நினைத்த இடத்தில் குடியிருக்க முடியாது. மேற்கு எல்லையோரம் வரையறுத்துக் கொடுத்த பகுதிக்குள்தான் பெரும்பாலோர் வாழ வேண்டும். நிலம் வாங்கவும் உயர்கல்வி பெறவும் தடைகள் இருந்தன. அவ்வப்போது கும்பல்கள் வந்து வீடுகளைக் கொளுத்தின.

தன் ஏழாவது வயதில் நடந்த ஒன்றை லெய்விக் தன் முதுமையில், 1957இல் ஜெருசலேமில் ஆற்றிய உரையில் நினைவுகூர்ந்தார். காலையில் பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு தேவாலயம். அதைக் கடந்தபோது பெரிய ஆள் ஒருவன் ஓடிவந்து சிறுவனை அடித்து, தொப்பியைப் பிடுங்கி, சாக்கடையில் தள்ளினான். எங்கள் கோயிலைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது யூதப் பயலுக்குத் தெரியாதா என்பது அவன் கேள்வி. யூத வழக்கப்படி தலையை மூடியிருப்பதுதான் இறைவனுக்குக் காட்டும் மரியாதை. அவனுக்கோ அது அவமரியாதை.

இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர்த்தெருவில் தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டும் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

அழுதுகொண்டே பாடசாலைக்குப் போன சிறுவனுக்கு அன்றைய பாடம், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கட்டிக் கிடத்திய கதை. கத்தி ஓங்கப்படுகிறது. தேவதூதன் வந்து தடுக்கிறான். பிள்ளை பிழைத்துக்கொள்கிறான். கதை முடிந்ததும் சிறுவன் மறுபடி அழுதான். தேவதூதன் ஒரு நொடி தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டான். தேவதூதன் தாமதமாக வரமாட்டான் என்று ஆசிரியர் தேற்றினார். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பிறகுதான் லெய்விக் இந்தக் கதையைச் சொல்கிறார். தேவதூதன் தாமதமாக வருவான் என்று அவருக்கு அப்போது தெரியும். கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தபோதும் கத்தியைத் தடுக்க எந்தத் தூதனும் வரவில்லை. காப்பாற்ற யாரும் வராத இடத்தில் ஒடுக்கப்பட்டவர்கள் என்ன செய்வது? லெய்விக் எழுதியதெல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

சங்கிலியும் மொழியும்

வேதப்பள்ளியில் படித்த இளைஞரை 1905 புரட்சி இழுத்துக்கொண்டது. 1897இல் வில்னாவில் உருவான 'பண்ட்' என்ற யூதத் தொழிலாளர் அமைப்பில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இரண்டு மாற்றங்கள் நடந்தன. மதச்சடங்குகளிலிருந்து வெளியேறினார். எபிரேயத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் யித்திஷுக்கு வந்தார்.

இரண்டாவது மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். எபிரேயம் வேதமொழி, ஆண்களின் மொழி, படித்தவர்களின் மொழி. யித்திஷ் வீட்டில் பேசுவது, சந்தையில் பேசுவது. அதற்கு இலக்கணம் இல்லை, அது வெறும் கொச்சை என்று படித்த யூதர்களே ஏளனம் செய்தார்கள். 'ழார்கோன்' என்றே அதற்குப் பட்டப்பெயர். தகப்பனார் வேலைக்காரப் பெண்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த அதே மொழியில் மகன் காவியத்தன்மையுள்ள நாடகங்களை எழுதினார். சேரி வழக்கில் நம் எழுத்தாளர்கள் எழுதத் தொடங்கியபோது இது இலக்கியமா என்று கேட்ட குரல்கள் நமக்குப் பழக்கமானவை. அந்தக் குரல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதும் நமக்குத் தெரியும்.

1906இல், 17 வயதில், புரட்சிப் பிரசுரங்களை வழங்கியதற்காகக் கைதானார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள மறுத்தார். நான் என்னைத் தற்காத்துப் பேசப்போவதில்லை, ஜார் ஆட்சியைக் கவிழ்க்க என்னால் ஆன அனைத்தையும் செய்வேன் என்ற பொருளில் நீதிமன்றத்திலேயே பேசினார். நான்காண்டுக் கடுங்காவலும் ஆயுள் முழுக்கச் சைபீரியாவில் நாடுகடத்தலும் தண்டனை. சிறையில் நீண்ட காலம் சங்கிலியில் கிடந்தார். அங்கேதான் 'மெசியாவின் சங்கிலிகள்' என்ற நாடகக் கவிதையை எழுதினார். தலைப்பைப் பாருங்கள். மீட்க வர வேண்டியவனே கட்டுண்டு கிடக்கிறான்.

1912 மார்ச்சில் தொடங்கி நான்கு மாதங்களுக்கும் மேலாகக் கைதிகளோடு நடந்து, லேனா ஆற்றங்கரையில் உள்ள வித்திம் என்ற ஊரை அடைந்தார். அமெரிக்காவுக்குப் போய்விட்ட பழைய தோழர்கள் பணம் சேர்த்து அனுப்பினார்கள். குதிரையும் பனிவண்டியும் வாங்கிக்கொண்டு தப்பினார். அந்தப் பணம் பெரிய மனிதர்கள் கொடுத்த நன்கொடை அன்று. கூலிவேலை செய்த புலம்பெயர்ந்தோர் சேர்த்தது.

பசை வாளி

1881க்கும் 1914க்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் யூதர்கள் அமெரிக்கா போனார்கள். பலர் ஆயத்த ஆடைத் தொழிலில் சேர்ந்தார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. லெய்விக் வந்து சேர்ந்த அமெரிக்கா இதுதான்.

முதலில் பிலடெல்பியாவில் தையல் கூடத்தில் வேலை. பிறகு நியூயார்க்கில் வீட்டுச் சுவர்களுக்கு அலங்காரக் காகிதம் ஒட்டும் வேலை. கவிஞராகப் புகழ்பெற்ற பிறகும் பல ஆண்டுகள் பசை வாளியும் தூரிகையும் ஏணியும்தான் அவருக்குச் சோறு போட்டன. அவர் நெருங்கிப் பழகிய 'தி யுங்கெ' என்ற இளங்கவிஞர் குழுவிலும் இதே கதைதான். மானி லெய்ப் செருப்புத் தைத்தார். ஸிஷே லண்டாவ் வீடுகளுக்கு வண்ணம் பூசினார். அதே வட்டத்தில் மொய்ஷே லெய்ப் ஹால்பெர்ன் என்ற கவிஞர் இருந்ததால், குழப்பம் வேண்டாம் என்று நம் கவிஞர் தன் முதற்பெயரையே குடும்பப்பெயர்போல் ஆக்கி 'எச். லெய்விக்' ஆனார்.

இந்தத் தொழிலாளி வாழ்வு அவருடைய நாடகங்களில் இருக்கிறது. 1921இல் மாரிஸ் ஷ்வார்ட்ஸின் யித்திஷ் கலை அரங்கம் மேடையேற்றிய 'கந்தல்' நாடகத்தில், சொந்த ஊரில் கல்விமானாக மதிக்கப்பட்ட முதியவர் நியூயார்க்கில் பழந்துணி பிரிக்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'ஷாப்' என்ற நாடகம் தையல் கூடத்தையும் வேலைநிறுத்தத்தையும் காட்டுகிறது. அங்கே முதலாளியும் யூதர், தொழிலாளியும் யூதர். ஒடுக்கப்பட்ட சமூகம் என்றாலே உள்ளே எல்லாரும் ஒன்று என்ற எண்ணத்தை லெய்விக் ஏற்கவில்லை.

கோலெம்

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். பிராக் நகரத்து யூதர்களிடையே வழங்கும் பழங்கதை அது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மஹரால் என்ற பெரிய மதகுரு, தன் மக்களைக் காப்பதற்காகக் களிமண்ணால் ஒரு மனிதனைச் செய்து உயிர்கொடுத்தார் என்பது கதை. அந்தக் களிமண் மனிதனுக்குக் கோலெம் என்று பெயர். காப்பாற்ற வேண்டியது ஒரு பழியிலிருந்து. கிறித்தவக் குழந்தைகளைக் கொன்று அந்த இரத்தத்தைத் தம் பண்டிகை ரொட்டியில் யூதர்கள் சேர்க்கிறார்கள் என்ற பொய்ப்பழி பல நூற்றாண்டுகளாகப் படுகொலைகளுக்குக் காரணமாயிற்று. இது பழங்காலத்தோடு முடிந்ததும் இல்லை. கீவ் நகரத்தில் மெண்டல் பெய்லிஸ் என்ற யூதத் தொழிலாளி இதே பழியில் கைதாகி, இரண்டாண்டுக்கும் மேல் சிறையில் இருந்து 1913இல்தான் விடுதலையானார். லெய்விக் இந்த நாடகத்தை எழுதிய ஆண்டுகளில் ரஷ்யப் புரட்சி நடந்திருந்தது. உக்ரைனில் உள்நாட்டுப் போருக்கு நடுவே யூதக் குடியிருப்புகளில் படுகொலைகள் நடந்துகொண்டிருந்தன.

நாடகம் ஆற்றங்கரையில் தொடங்குகிறது. மஹரால் களிமண்ணைப் பிசைகிறார். இன்னும் பிறக்காத கோலெமின் ஆவி அவர்முன் தோன்றி, என்னைப் படைக்காதே என்று கெஞ்சுகிறது. அவர் கேட்பதில்லை. மக்களைக் காக்க முரட்டுக் கை ஒன்று தேவை. தன் கையில் இரத்தம் படக்கூடாது, ஆனால் வேலை நடக்க வேண்டும். நாடகத்தின் நடுவே மெசியாவே ஓர் இளம் பிச்சைக்காரனாக வருகிறான். காலம் இன்னும் கனியவில்லை என்று மஹரால் அவனையும் ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார். அவருக்கு இப்போது வேண்டியவன் கோலெம்தான்.

கோலெம் சொன்ன வேலையைச் செய்கிறான். பாழடைந்த கோபுரத்தின் அடியில் பகைவன் மறைத்துவைத்த இரத்தக் குப்பிகளை, உயிருக்கு ஆபத்தான இருட்டுக்குள் போய் எடுத்துவருகிறான். சமூகம் தப்பிக்கிறது. அதன்பிறகு அவனுக்கு வேலை இல்லை. தொழுகைக்கூடத்தின் ஓரத்தில் கிடக்கிறான். உள்ளே போனவர்கள் அவனை வேடிக்கை பார்க்கிறார்கள், அஞ்சுகிறார்கள், விலகுகிறார்கள். அவன் மஹராலிடம் கேட்பது ஒன்றுதான். என்னோடு இரு, என்னைத் தனியே விடாதே. மஹரால் தொழுகைக்குப் போய்விடுகிறார். கோலெம் கோடரியை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறான். யாரைக் காக்கப் படைக்கப்பட்டானோ அந்த மக்களின் இரத்தமே சிந்துகிறது. மஹரால் அவனைத் திரும்ப மண்ணாக்குகிறார்.

1925இல் மாஸ்கோவில் ஹபிமா நாடகக் குழு இதை எபிரேயத்தில் மேடையேற்றியது. கொச்சை என்று இகழப்பட்ட மொழியில் பிறந்த நாடகம் வேதமொழிக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த நாடகத்தை வன்முறைக்கு எதிரான நீதிக்கதையாக வாசிப்பவர்கள் உண்டு. ஆயுதம் எடுத்தால் அது தன்மீதே திரும்பும் என்று சுருக்கிவிடுவார்கள். அந்த வாசிப்பு நமக்குப் போதாது. லெய்விக் எதிர்ப்பைப் பழித்தவர் அல்லர். 1902இல் மே நாள் ஊர்வலம் போன தொழிலாளர்களுக்குக் கசையடி கொடுக்கச் செய்த வில்னா ஆளுநரைச் சுட்டுத் தூக்கிலேறிய ஹிர்ஷ் லெக்கெர்ட் என்ற செருப்புத் தொழிலாளியைப் பற்றி 1927இல் அவரே ஒரு நாடகம் எழுதினார். வார்சா கெட்டோ எழுச்சி பற்றியும் எழுதினார். எதிர்த்து நிற்பது சரியா தவறா என்று கோலெம் நாடகம் கேட்கவில்லை. எதிர்த்து நிற்கும் வேலையை யாரிடம் ஒப்படைக்கிறோம், ஒப்படைத்த பிறகு அவனை எங்கே உட்காரவைக்கிறோம் என்று கேட்கிறது. கோலெம் அழிவைத் தொடங்குவது முரடனாகப் பிறந்ததால் அன்று. மனிதனாக நடத்தப்படாததால்.

1948க்குப் பிறகு யூதர்களிடம் அரசும் படையும் வந்துவிட்டன. காசாவின் இடிபாடுகளைப் பார்த்துக்கொண்டே இந்த நாடகத்தைப் படிப்பவருக்கு, ஒரு யூதர் தன் மக்களிடம் 1921இல் கேட்ட கேள்வி வேறொரு கனத்தோடு திரும்பிவரும். ஒடுக்கப்பட்ட வரலாறு மட்டுமே யாரையும் நியாயவானாக ஆக்கிவிடாது.

இளைஞர்கள் சிலர்

இப்போது என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நம் தெரு தாக்கப்பட்டது. அடுத்த சில வாரங்கள் இரவெல்லாம் தெருமுனையில் காவல் இருந்தவர்கள் பத்துப் பதினைந்து இளைஞர்கள். மறுபடி தாக்குதல் வராமல் இருந்ததற்கு அவர்கள்தான் காரணம். அவர்கள்மீது வழக்குப் போடப்பட்டது. நாங்கள் உண்மையறியும் குழுவாகப் போனோம். அறிக்கையை எழுதியது நான். அடுத்து அது ஒரு சிறு நூலாகவும் வந்தது.

வழக்கு 11 ஆண்டுகள் நடந்தது. அந்த இளைஞர்களில் ஒருவர் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றம் போனார். வழக்கு நிலுவையில் இருந்ததால் கிடைக்கவிருந்த அரசு வேலை போயிற்று. பத்தாமாண்டு நினைவுக் கூட்டம் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. அவர் வந்திருந்தார். லாரியிலிருந்து நாற்காலிகளை இறக்கிப் போட்டார். ஒலிபெருக்கிக்காரருக்குத் தேநீர் வாங்கிவந்தார். கூட்டம் தொடங்கியதும் வாசலில் நின்றுகொண்டார். குடித்துவிட்டு யாராவது உள்ளே வந்து தகராறு செய்தால் பார்த்துக்கொள்வதற்கு. மேடையில் நான் சாதியொழிப்பு பற்றி 40 நிமிடம் பேசினேன்.

கூட்டம் முடிந்து என்னிடம் வந்தவர், அந்தப் புத்தகத்தில் எங்களைப் பற்றி எங்கே இருக்கிறது அண்ணே என்று கேட்டார். குறையாகக் கேட்கவில்லை. மகளுக்குக் காட்ட வேண்டும் என்றார். இரவு வீட்டுக்கு வந்து தேடினேன். வழக்கறிஞர்களின் பெயர் இருந்தது, குழு உறுப்பினர்களின் பெயரும் பட்டமும் இருந்தன. அவர்களோ 'இளைஞர்கள் சிலர்' என்ற இரண்டே சொற்களில் இருந்தார்கள்.

பாதுகாப்புக் கருதிப் பெயர் போடவில்லை என்று நான் சொல்லிக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. அவர்களை உடல்பலமாகத்தான் பார்த்திருக்கிறேன். சிந்தனை என்னுடையது, கை அவர்களுடையது என்ற பிரிவினை என் எழுத்துக்குள் இருந்திருக்கிறது. வேலைப் பிரிவினை மட்டுமல்ல சாதி, வேலை செய்பவர்களையே பிரித்துவைப்பது என்று அண்ணல் காட்டியதை மேடைதோறும் சொல்லிவந்தவன் நான். பிறகு கோலெம் நாடகத்தைப் படித்தபோது, தொழுகைக்கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து என்னோடு இரு என்று கேட்டவன் எனக்குத் தெரிந்த முகத்தோடு வந்தான்.

தாமதமாக வந்தவர்

லெய்விக் தன்னையும் இந்தக் கேள்வியிலிருந்து விடுவித்துக்கொள்ளவில்லை. 'மார்கன் ஃப்ரைஹைட்' என்ற கம்யூனிஸ்ட் நாளேட்டில் எழுதிவந்தவர், 1929இல் பாலஸ்தீனத்தில் யூதர்கள் கொல்லப்பட்டதை அந்த ஏடு பார்த்த விதத்தை ஏற்காமல் வெளியேறினார். 1939இல் ஹிட்லரோடு ஸ்டாலின் ஒப்பந்தம் செய்துகொண்டபோது எஞ்சிய உறவும் அறுந்தது. 1932 முதல் 1936 வரை காசநோயோடு மருத்துவமனைகளில் கழித்தார். டென்வரில் படுத்திருந்த காலத்தில் ஸ்பினோசாவைப் பற்றி எழுதினார். 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் தன்னிலிருந்து விலக்கிவைத்த தத்துவஞானி அவர். கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தவர். வெளியே நிறுத்தப்பட்டவர்களையே லெய்விக் தேடிக்கொண்டிருந்தார்.

போர் முடிந்த 1945இல் வந்த அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயர் 'ட்ரெப்ளிங்காவில் நான் இருக்கவில்லை'. பெருமையாகச் சொன்னது அன்று. தன் மக்கள் நச்சுவாயுவில் மடிந்தபோது தான் நியூயார்க்கில் பத்திரமாக இருந்தேன் என்ற குற்ற உணர்வு அது. மறு ஆண்டே ஜெர்மனியில் வீடிழந்தோர் முகாம்களுக்குப் போய், பிழைத்திருந்தவர்களோடு தங்கி, அவர்களைப் பற்றி எழுதினார். தாமதமாகத்தான் போனார். ஆனால் போனார், கூட இருந்தார். 1958இல் பக்கவாதம் வந்தது. நான்காண்டுகள் படுக்கையில் கிடந்து 1962 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கில் காலமானார்.

இளைய தோழர்களே, தேவதூதனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று நம் இயக்கம் உங்களுக்குச் சரியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதோடு சேர்த்து இன்னொன்றையும் லெய்விக்கிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய தோளில் ஏறி நாம் தப்பித்தோமோ அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே கவிதை வாசிக்கக் கூடாது. ஆவணம் எழுதினால் பெயரோடு எழுதுங்கள், பெயர் போட வேண்டாம் என்றால் அதை அவர்கள் வாயால் கேட்டு முடிவு செய்யுங்கள். வழக்குச் சுமப்பவரின் வாய்தா நாளில் ஒருவராவது கூடப் போங்கள். கருத்தரங்கில் அவருக்கு நாற்காலி போடுங்கள், நாற்காலி போடும் வேலையை நாம் செய்வோம்.

என் நூலின் இரண்டாம் பதிப்புக்கு வேலை நடக்கிறது. அந்தப் பத்துப் பதினைந்து பேரையும் தேடிப்போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். மூவர் வெளியூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார். வாசலில் நின்ற தோழர்தான் எனக்கு முகவரிகளைத் தேடித்தருகிறார். முன்னுரையை அவர் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். எனக்கென்ன எழுதத் தெரியும் என்றார். பேசுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம், நானே மெதுவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். காத்திருக்கிறேன்.

ஜெய்பீம்.